மாரிக்குக் கட்டிய ரியூப்

என் கடைக்கு வருகிற பற்றறிகளில் பத்துக்கு எட்டு தானாகச் செத்தவை அல்ல, கொல்லப்பட்டவை. இதை நான் வருகிறவர்களின் முகத்துக்கு நேரேயே சொல்வேன். சிலர் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக் கொன்றிருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள்ளேயே கல்லாகப் படிகிற தண்ணீர், பற்றறியை விட்டுவைக்குமா? சிலர் வயல் காவலுக்கு லைற் எரிக்கவென்று மோட்டார் சைக்கிளிலிருந்து பற்றறியைக் கழற்றிச் சாக்குப் பைக்குள் போட்டுக் கொண்டுபோவார்கள். பன்றிக்கும் யானைக்கும் காவல் இருந்துவிட்டு, விடிய அதைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இன்னும் சிலர் வண்டியை உழவு இயந்திரப் பெட்டியில் படுக்கப் போட்டு ஏற்றுவார்கள். பிறகு என் கடை வாசலில் நின்று, "தங்கச்சி, நீங்கள் தந்த பற்றறி சரியில்லை" என்பார்கள். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

பூவரசங்குளச் சந்தியில் பதினொரு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். பெயர் சுதர்சினி. பற்றறி, ரயர், ஒயில், சின்னச் சின்னத் திருத்த வேலைகள். தொடங்கிய புதிதில், பெண்பிள்ளை பூட்டிய பற்றறியில் வண்டி ஓடுமா என்று சந்தியில் நின்று சிரித்தவர்கள் உண்டு. இப்போது அவர்களே வண்டியை உருட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். "அவளுக்கு வாய் பொல்லாது, ஆனால் வேலை சுத்தம்" என்பது என்னைப் பற்றி ஊரில் உள்ள கதை. அந்தக் கதையின் முன்பாதி எனக்குப் பிடிக்கும். பின்பாதி இன்னும் பிடிக்கும்.

வைகாசி மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் தாண்டிய நேரம், கணபதி அண்ணை மனைவி சிவலட்சுமியோடு வந்து இறங்கினார்.

கணபதி அண்ணை பால் எடுப்பவர். விடிய ஐந்தரைக்கு, வண்டியின் இரண்டு பக்கமும் பால் கான்கள் தொங்கப் புறப்பட்டு, முப்பத்தெட்டு வீட்டுப் படலை வாசல்களில் நின்று கறந்த பாலை அளந்து வாங்கிக் கானில் ஊற்றி, எட்டு மணிக்கு முன் பால் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். மீள்குடியேறிய முதல் வருடம் விறகு வெட்டப் போன இடத்தில் மிதிவெடி. அதனால் வண்டியை அவரால் உதைத்துக் கிளப்ப முடியாது. பொத்தானை அமத்தித்தான் கிளப்ப வேண்டும், ஒரு காலையில் முப்பத்தெட்டுத் தரம். ஒரு படலைக்கும் அடுத்த படலைக்கும் நடுவில் இருநூறு யார் ஓடினால் பற்றறிக்கு என்ன சார்ஜ் ஏறும்? ஒரு பற்றறி படக்கூடிய பாடெல்லாம் அவருடையது படும். அதனால் அவருக்குப் பூட்டுகிறபோது மட்டும் நான் இரண்டு தரம் பார்த்துப் பூட்டுவேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கார்த்திகையில போட்ட பற்றறி, கணபதி அண்ணை. அதுக்குள்ள என்ன செய்தனீங்கள்? கிணத்துத் தண்ணியோ?" என்று தொடங்கினேன்.

"இல்லை தங்கச்சி. உங்களிட்ட வாங்கின போத்தல் தண்ணிதான்."

"அப்ப கோடு தாண்டி நிரப்பியிருப்பியள்."

"ஒருக்காலும் இல்லை. ஆனா ஒழுகுது. மூடிக்குள்ளயிருந்து அசிட் மணக்குது."

"வண்டியை எங்கையோ விழுத்தியிருக்கிறியள். சும்மா ஒழுகாது."

அவர் மனைவியைப் பார்த்தார். சிவலட்சுமி அக்காதான் சொன்னா. "விழுந்தது, பிள்ளை. மூண்டு கிழமைக்கு முன்னம், தங்கம்மா வீட்டுப் படலையடியில. வண்டியை நிப்பாட்டி வலது காலை ஊண்டினவர், பாதம் அப்பிடியே புரண்டு போச்சுது. பால் முழுக்க றோட்டில."

எனக்கு அந்தக் கதை காதில் விழுந்திருந்தது. அதன் பிறகு நடந்ததும் தெரியும். பால் சங்கத் தலைவர் வீரகத்தி மாமா, "கணபதி, கால் பழசாப் போச்சு. ஆளுக்கும் வயசு போகுது. இந்த மாசத்தோட நிப்பாட்டு. ஒண்டாந் திகதியிலயிருந்து கிருசாந்தன் எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். வீரகத்தி மாமா கெட்ட மனிதர் அல்ல. பால் கொட்டினால் முப்பத்தெட்டு வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கிருசாந்தன் இளந்தாரி, வேலை இல்லாமல் நிற்கிற பொடியன், அவனிலும் பிழை சொல்ல முடியாது. மாதம் முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது.

கணபதி அண்ணையின் குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடித்துக் கலைக்கப்பட்டு வந்த குடும்பம். எங்களைப் போலக் குடியேற்றத் திட்டத்தில் வயலும் வாய்க்காலும் கிடைத்தவர்கள் அல்லர். ஊர்ப் பெரியவர்கள் வருகிற கூட்டத்தில் அவருக்குக் கதிரை இழுத்துப் போட்டது பால் எடுக்கத் தொடங்கிய பிறகுதான். ஐம்பத்திமூன்று வயதில் அதை விட்டால், கூலிக்கு நிற்க அந்தக் காலை வைத்துக்கொண்டு யார் கூப்பிடப் போகிறார்கள்? இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"வண்டியைக் கிருசாந்தனுக்கே குடுக்கப் போறன்," என்றார். "நாளையிண்டைக்கு வந்து எடுப்பான். ஒழுகாத பற்றறியாப் பாத்து ஒண்டு போட்டுத் தாங்கோ தங்கச்சி. பால் கானுக்குப் பக்கத்தில அசிட் ஒழுகுற வண்டியை ஒருத்தன்ர கையில குடுக்கக் கூடாது."

நான் மேசையில் மூன்றை எடுத்து வைத்தேன். முதலாவது, இப்போது அவர் வண்டியில் இருக்கிற சாதி, அசிட் ஊற்றி நிரப்புவது. விலை குறைவு, ஒழுங்காகப் பார்த்தால் நன்றாக உழைக்கும், ஆனால் சரிந்தால் ஒழுகும். அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். மற்ற இரண்டும் சீல் பண்ணியவை. உள்ளே அசிட் தண்ணீராக ஆடாது. பஞ்சு மாதிரியான படையில் ஊறிக் கிடக்கும். சரித்தாலும் ஒழுகாது, தண்ணீர் விடவும் தேவையில்லை.

"அப்ப இதில எதெண்டாலும் சரிதானே?" என்றார்.

"எதெண்டாலும் சரியெண்டால் நான் ஏன் கடை வச்சிருக்கிறன்?"

இரண்டில் ஒன்று பளபளவென்று இருந்தது, ஆனால் அவருடைய வண்டிக்கு அதன் அம்பியர் போதாது. பொத்தானை அமத்தி அமத்தி ஓடுகிறவருக்கு அதைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் படுத்துவிடும். மற்றதில் செய்த திகதியைப் பார்த்தேன். சீல் பற்றறியும் கடைத் தட்டில் ஒரு வருடம் கிடந்தால் பிணம்தான். இது மூன்று மாதம். மீற்றரைப் பிடித்தேன், பன்னிரண்டே முக்கால் வோல்ற் காட்டியது. நீளம், அகலம், பிளஸ் எந்தப் பக்கம் என்பதெல்லாம் பழையதுக்குச் சரியாக இருந்தது. "இதுதான் உங்கட" என்று சொல்லி வைத்தேன்.

அந்த நேரம் சிவலட்சுமி அக்கா, "பிள்ளை, பக்கத்துக் கடையில கரப்பானுக்கு மருந்து இருக்குமோ?" என்று கேட்டா.

"ஏன் அக்கா, வீட்டில கரப்பான் கூடிப்போச்சோ?"

"அலுமாரிக்குள்ள. கண்ணால ஒண்டையும் காணேல்லை, ஆனா இவற்ர காற்சட்டையள் எல்லாம் பொத்தல். மருந்து உருண்டை போட்டுப் பாத்தன், அலுமாரியையே வெளியில தூக்கி வெயிலில வச்சன், நிக்கேல்லை. என்ர சீலை ஒண்டையும் தொடுறேல்லை. இவற்ர காற்சட்டையிலயும் வலது கால்தான் வேணும் அதுக்கு."

"உங்கட வீட்டுக் கரப்பானுக்கு வலது இடது தெரியுது" என்று சொல்லிச் சிரித்தேன். சிரித்தபடியே வண்டியின் வலது பக்க மூடியைக் கழற்றினேன்.

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. பற்றறித் தட்டின் பெயின்ற் உரிந்து, சட்டத்தின் இரும்பு செத்தல் மிளகாய் நிறத்தில் அரித்திருந்தது. ஈரம் வலது பக்கமாகவே வழிந்து, ஓட்டுகிறவர் கால் ஊன்றுகிற இடத்துக்கு நேரே சொட்டியிருந்தது. இது மூன்று கிழமைக்கு முன் விழுந்ததில் வந்தது அல்ல. மாதக்கணக்கு. பிறகு ரியூப்பைக் கண்டேன்.

இந்த ரியூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அசிட் ஊற்றுகிற பற்றறியின் மேற்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரியூப் இறங்கும். பற்றறி சூடேறி அசிட்டைக் கக்கினால் அது அந்த வழியால் வண்டிக்குக் கீழே, றோட்டில் போய்ச் சொட்ட வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் மாரியில் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் பாதையில் முழங்காலளவு தண்ணீர். வண்டி அதற்குள்ளால் போகிறபோது ரியூப்பின் வாய் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சும். அதனால் கார்த்திகையில் ரியூப்பை மேலே மடித்து, சீற்றுக்குக் கீழே சைக்கிள் ரியூப் துண்டால் கட்டிவிடுவோம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வேலை, இங்கே எல்லாரும் செய்கிற வேலை. பொங்கல் முடிந்து பாதை காய்ந்ததும் அவிழ்த்து இறக்கிவிட வேண்டும். இறக்காவிட்டால், வெயிலுக்குக் கொதிக்கிற அசிட் வெளியே போக வழியில்லாமல் பற்றறியின் தலையாலேயே கக்கும்.

ரியூப் இன்னும் மேலே கட்டியபடியே இருந்தது. கட்டு கறுப்புச் சைக்கிள் ரியூப், இரண்டு சுற்று, நுனி சரிவாக வெட்டியது. அப்படி வெட்டுகிற ஆள் இந்தச் சந்தியில் நான் ஒருத்திதான்.

தை மாதத்தில் அவர் வந்தார். அதுவும் நினைவுக்கு வந்தது. அறுவடைக் காலம், கடை வாசலில் நாலு வண்டி நின்றது, எனக்குத் தலைக்கு மேல் வேலை. "தங்கச்சி, அந்த ரியூப்பை இறக்கி விடோணும் எண்டனீங்கள்" என்று வந்து நின்றவரை நான் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "அது கிடந்தாப்போல ஒண்டும் வராது அண்ணை. பிறகு பாப்பம், போங்கோ." அந்தப் பிறகு வரவே இல்லை. அவரும் என்னை நம்பித் திரும்பக் கேட்கவில்லை.

நான் அவருடைய வலது காலைப் பார்த்தேன். வாங்கில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். காற்சட்டையின் கீழ்ப்பக்கம் முழுக்கக் குண்டூசித் தலையளவு பொத்தல்கள். கணுக்கால் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக் கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தார். நல்ல காலில் ஒரு துளி அசிட் பட்டிருந்தால் அன்றைக்கே துள்ளி எழும்பி என்னிடம் வந்திருப்பார். அந்தக் கால் எதையும் சொல்லவில்லை. நாலு மாதமாக ஒவ்வொரு துளியாக வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறது.

புதுப் பற்றறிக்கு ரியூப்பே தேவையில்லை. அதை வெட்டி எடுத்து, பழைய பற்றறியோடு பின்னால் கிடக்கிற குவியலில் எறிந்துவிட்டு, சோடாத் தண்ணீரால் கழுவிப் புதியதைப் பூட்டினால் முடிந்தது. ஒரு குஞ்சுக்கும் தெரியாது. ஊர் அவருடைய காலைத்தான் பிழை சொல்கிறது, அவரும் அதைத்தான் சொல்கிறார். என் கடையின் பெயரோ பதினொரு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தது. கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் என்று சொன்னால் பொய், அதைவிடக் கூடவே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நல்லதாப் போடுங்கோ தங்கச்சி," என்றார் கணபதி அண்ணை வாங்கில் இருந்தபடி. "கிருசாந்தனுக்கு ரெண்டு காலும் இருக்கு, உதைச்சும் எடுப்பான். ஆனாலும் வேலை பழகிற பொடியன், பாவம், கஷ்டப்படக் கூடாது."

நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, தேத்தண்ணி மூலையில் இருந்த அப்பச்சோடாவை ஒரு கோப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்தேன். "அண்ணை, காலைக் காட்டுங்கோ" என்று அவருக்கு முன்னால் குந்தினேன். அவர் கூச்சத்தோடு காலை இழுத்தார். "இதில என்ன பாக்கிறது, பழசுதானே."

கம்பியைச் சுழற்றி எடுத்தேன். பாதத்தைக் காலோடு பிடிக்கிற நாலு ஆணிகளில் இரண்டு இல்லை, முறிந்து போயிருந்தன. மற்ற இரண்டின் தலையிலும் அதே வெள்ளைப் பூ. சோடாத் தண்ணீரை அதில் விட்டேன். சுர்ரென்று நுரைத்தது.

"இது அசிட், அண்ணை. பற்றறி அசிட். கால் பழசானதில ஆணி முறியேல்லை, அசிட் அரிச்சு முறிஞ்சது. மாரிக்கு மேல கட்டின ரியூப் இன்னும் இறக்காமக் கிடக்கு. கட்டினது நான். தையில நீங்கள் வரேக்க இறக்காமத் திருப்பி அனுப்பினதும் நான்தான்."

சிவலட்சுமி அக்கா, "அப்ப கரப்பான் இல்லையோ?" என்றா. சொல்லி முடிக்கும் முன்னமே அவவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகம் சிவந்தது. "ஊரில ஒருத்தர் விடாமல் பேசிறனீங்கள், தண்ணி விட்டது பிழை, சரிச்சது பிழை எண்டு. என்ர மனுசன் மூண்டு கிழமையா நித்திரை கொள்ளேல்லை, தெரியுமோ? விடிய விடிய எழும்பி இருந்து காலைத் தடவிக்கொண்டிருக்கிறார்."

நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அபூர்வம்.

"அப்ப என்ர கால்?" என்றார் கணபதி அண்ணை மெதுவாக.

"காலில பிழையில்லை. பாதத்தை மாத்தி நல்ல ஆணி போட்டால் முந்தின மாதிரித்தான்."

அவர் உள்ளங்கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் எழும்பிப் போய் வேலையைத் தொடங்கினேன். முதலில் மைனஸைக் கழற்றி, பிறகு பிளஸைக் கழற்றிப் பழையதை எடுத்தேன். தட்டையும் சட்டத்தையும் நுரை நிற்கும்வரை சோடாவால் கழுவித் துடைத்தேன். வயரின் நுனிகளை அரத்தாளால் தேய்த்து, புதியதை வைத்து, பிளஸ் முதலில், மைனஸ் பிறகு. ஆட்டம் இல்லாமல் பட்டியைப் போட்டு, நுனிகளில் கொஞ்சம் வசலின் பூசினேன். வண்டியைக் கிளப்பிச் சார்ஜ் பார்த்தேன். சார்ஜ் கூடினால் சீல் பற்றறியும் வீங்கும். பதினான்கு புள்ளி இரண்டு, சரியாக இருந்தது. கட்டியிருந்த ரியூப்பைக் கட்டோடு அவருக்கு முன்னாலேயே வெட்டி எடுத்து என் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது எனக்குத் தேவைப்பட்டது.

காலுக்குக் கம்பியைத் திரும்பச் சுற்றி முறுக்கிவிட்டு, பின்னேரம் மூன்று பேருமாகப் பால் சங்கத்துக்குப் போனோம். பின்னேரப் பால் கொண்டுவந்த ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது, அதை விட்டுவிட்டேன். ரியூப்பை வீரகத்தி மாமாவின் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ரியூப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ சொல்லாட்டி இது ஆருக்குப் பிள்ளை தெரியும்?"

"இப்ப எல்லாருக்கும் தெரியும் மாமா. கணபதி அண்ணையை நிப்பாட்டாதையுங்கோ."

"நிப்பாட்டிறதுக்கு எனக்கு என்ன விருப்பமோ? கால் திருத்த எத்தினை நாள்?"

வவுனியாவில் செயற்கைக் கால் செய்கிற இடத்துக்கு வழியிலேயே ரெலிபோன் எடுத்துக் கேட்டிருந்தோம். நாளைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தருவார்கள். மூன்று காலை அவருக்குக் கால் இல்லை.

வீரகத்தி மாமா தலையை ஆட்டினார். "மூண்டு நாள் பால் நிண்டால் சனம் கறந்ததை என்ன செய்யும்? கிருசாந்தனை விடலாம். ஆனா விட்டால் பிறகு அவனை நிப்பாட்டேலாது, அது அந்தப் பொடியனுக்குச் செய்யிற அநியாயம். ஒரு நாளும் விடுபடாமல் ஓடினால் கணபதியின்ர, விடுபட்டால் கிருசாந்தன்ர. நான் வேறென்ன சொல்ல?"

"மூண்டு நாளும் நான் எடுக்கிறன்" என்றேன்.

அங்கே நின்றவர்கள் சிரித்தார்கள். வீரகத்தி மாமாவும் சிரித்துவிட்டார். "உன்ர வாய்க்குப் பால் திரைஞ்செல்லோ போகும்."

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு, கணபதி அண்ணையின் வண்டியில் இரண்டு பக்கமும் கான் தொங்க, வீட்டுப் பட்டியல் எழுதிய துண்டோடு புறப்பட்டேன். கான் நிறைய நிறைய வண்டி ஒரு பக்கம் இழுக்கும் என்பது எனக்குத் தெரியாது. பத்தாவது வீட்டுக்கு முன்னமே தோள்மூட்டு கழன்றுவிடும் போல இருந்தது. இதைத்தான் அந்த மனிதர் ஒரு காலில் நின்று செய்திருக்கிறார். பற்றறி மட்டும் ஒவ்வொரு படலையிலும் பொத்தானைத் தொட்டவுடன் கிளம்பியது.

முதல் படலையிலேயே கேள்வி வந்தது. "என்ன நீ வாறாய்? கணபதி எங்க?" நான் சொன்னேன். அவர்கள் பாத்திரத்தைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்கள். அடுத்த படலையிலும் அதே கேள்வி. முப்பத்தெட்டு வீட்டிலும் என் வாயால் என் பிழையைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருவர், "அப்ப நீ பூட்டின என்ர பற்றறியையும் ஒருக்காத் திறந்து பாக்கத்தான் வேணும்" என்றார். இன்னொரு வீட்டில் பாலை ஊற்றிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் படலையைச் சாத்தினார்கள். அன்றைக்குச் சங்கத்தில் கானை இறக்குகிறபோது எட்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

இரண்டாம் நாள் பால் சிந்தவில்லை, நேரமும் பிந்தவில்லை. மூன்றாம் நாள் கதை எனக்குப் பாடமாகிவிட்டது. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே ரியூப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துவிட்டது. "எண்டாலும் உண்மையைச் சொன்னியே, பிள்ளை" என்று இரண்டு மூன்று வீட்டில் சொன்னார்கள். அதில் எனக்கு ஒரு சுகமும் வரத் தொடங்கியிருந்தது. மறைப்பானேன், கொஞ்சம் நிமிர்ந்தே ஓடினேன்.

கடைசி வீடு தங்கம்மாவினுடையது. அவா பளையில் இருக்கிற மகளிடம் போய் முந்தின இரவுதான் திரும்பியிருந்தா. முதல் இரண்டு நாளும் மருமகன்தான் பால் தந்தான். நான் என் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். சங்கத்தில் சொன்னது, மூன்று நாளாகப் பால் எடுப்பது, எல்லாம். தங்கம்மா பாலை அளந்துகொண்டே கேட்டா.

"இந்தப் படலையடியிலதான் அண்டைக்கு விழுந்தது," என்றா. "வண்டிக்குக் கீழ கிடக்குது மனுசன், பால் தலையெல்லாம் ஓடுது. தூக்கிவிடு எண்டு கேக்கேல்லை. 'அம்மா, உங்கட பாலைக் கொட்டிப் போட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ' எண்டுதான் சொன்னது. நான் பிறகு உள்ள போய் அழுதனான். ஒரு பிழையும் செய்யாத மனுசன் மன்னிப்புக் கேட்டுது. நீ அவரிட்டக் கேட்டனியோ பிள்ளை?"

நான் வாயைத் திறந்தேன். கட்டினது நான் என்று அவரிடம் சொன்னேன். திருப்பி அனுப்பினது நான் என்று சொன்னேன். சங்கத்தில் சொன்னேன், முப்பத்தெட்டு வீட்டில் சொன்னேன். அந்த ஒரு சொல்லை மட்டும், சொல்ல வேண்டிய ஒரே ஆளிடம் சொல்லவில்லை. அது எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

சங்கத்தில் பாலைக் கொடுத்துவிட்டு வண்டியை நேரே கணபதி அண்ணை வீட்டுக்கு விட்டேன். அவர் முற்றத்து வேம்பின் கீழே கதிரையில் இருந்தார், பக்கத்தில் ஊன்றுகோல் சாத்தியிருந்தது. மத்தியான பஸ்ஸில் திருத்திய காலை எடுக்கப் போக உடுத்து ஆயத்தமாக இருந்தார். சிவலட்சுமி அக்கா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்தா, வா என்று சொல்லவில்லை.

"அண்ணை," என்றேன். மூன்று நாள் பாடமாக்கிய கதை ஒன்றும் வாயில் வரவில்லை. "தையில நீங்கள் வந்து நிக்கேக்க நான் நிமிர்ந்து பாத்திருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்தார்.

"விழுந்தாப்பிறகு ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி இந்தக் காலோட சண்டை பிடிச்சனான் தங்கச்சி," என்றார். "உன்னாலதான் எல்லாம் போச்சுது எண்டு அதைப் பேசினனான். என்னையும் பேசினனான்." கையால் முகத்தைத் துடைத்தார். எனக்கும் கண் நிறைந்தது, நான் துடைக்கவில்லை.

"சரி. மன்னிச்சாச்சு," என்றார் பிறகு. "இண்டைக்கு எத்தினை லீற்றர்?"

"அறுபத்திரெண்டு."

"தங்கம்மா அம்மா எவ்வளவு தந்தவா?"

"ரெண்டரை."

"அவாவின்ர மாடு மூண்டு கறக்கும். அரை லீற்றரை வீட்டில வச்சுக்கொண்டு, உங்களைப் புது ஆளெண்டு ஏமாத்திப் போட்டா," என்றார் கணபதி அண்ணை. "நாளைக்கு நான் போய்க் கேக்கிறன்."